வாய்க்கால் மேல் நின்ற கார்

நெய்னா முகம்மதுவுக்கு எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது. துபாய்த் துணிக்கடையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பியவர், வந்த கையோடு மிக்சியைக் கழற்றினார், தண்ணீர் மோட்டாரைக் கழற்றினார். மோட்டார் மறுபடியும் ஓடியது. மிக்சியைப் பற்றி அவர் மனைவி சைத்தூன் பீவியிடம் யாரும் கேட்காமல் இருப்பது நல்லது.

இப்போது கார். பழைய சின்னக் கார்தான். மதகு மேட்டில் ஏறி இறங்கினால் முன்பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கும், உட்கார்ந்திருப்பவரைத் தூக்கியும் போடும். தரங்கம்பாடியில் வாழ்க்கைப்பட்ட மகள் ஷமா பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் பிறந்ததும் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும்.

"வாடகைக் கார் சொல்லிடுங்க. இந்தத் தகரத்துல எம்புள்ளைய ஏத்த மாட்டேன்" என்றார் சைத்தூன்.

நெய்னாவுக்குச் சுருக்கென்றது. ஷமா பிறந்ததையும், நடை பழகியதையும், பரீட்சையில் தேறியதையும் அவர் ஃபோனில்தான் கேட்டார். கல்யாணத்துக்கே விருந்தாளி மாதிரி வந்து போனவர். இந்த ஒரு தடவையாவது மகளைத் தன் காரில், தானே ஓட்டி அழைத்து வர வேண்டும் என்று அவருக்கு அப்படி ஓர் ஆசை.

ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கினார். முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளின் முனையில், அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் வளையமான புஷ் கிழிந்து தொங்கியது. புதுசு வாங்கி வந்து, சோப்புத் தண்ணீர் தடவி இறக்கி, போல்ட்டை மூச்சைப் பிடித்து முறுக்கினார். சத்தம் நின்றது. தெருவில் அவர் நடையே மாறிப்போனது.

மாதம் ஒன்றுகூட ஆகவில்லை, மறுபடியும் 'கடக்'.

வேறு ஆளாக இருந்தால் கடைக்காரரைத் திட்டித் தீர்த்திருப்பார். நெய்னா மறுபடியும் கழற்றி, கிழிந்த புதுப் புஷ்ஷைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கத்து ரப்பரும் ஒரே மாதிரி முறுக்கேறிக் கிழிந்திருந்தது. யார் முறுக்கியது? ஜாக்கியை ஏற்றினார், சக்கரம் கீழே தொங்கியது. இறக்கினார், மேலே போனது. அப்போதுதான் உறைத்தது. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டார். கார் தரையில் நின்ற நிமிடம் முதல் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததில் அவருக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம்.

ஆக, போல்ட்டை இறுக்கும்போது கார் சக்கரத்தில் நிற்க வேண்டும், ஓடும்போது இருக்கிற எடைக்கு உள்ளே ஆள் இருக்க வேண்டும், அவரும் அடியில் நுழைய வேண்டும். யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். எதிரே கார்ச் சக்கரங்களுக்கு நடுவே அடங்கிவிடும் அகலத்தில் சின்னப் பாசன வாய்க்கால் காய்ந்து கிடந்தது, இரண்டு பக்கமும் சிமென்ட் கரையோடு. மேட்டூரில் திறந்த தண்ணீர் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

புதுப் புஷ்களைப் போட்டு, போல்ட்டுகளை லேசாக மாட்டி, இடது சக்கரங்கள் ஒரு கரையிலும் வலது சக்கரங்கள் மறு கரையிலும் இருக்கும்படி காரை நிறுத்தினார்.

"பின்னால ஏறி உக்காரு. ஷமா உக்கார்ற எடத்துல."

"நான் என்ன நெல்லு மூட்டையா?"

"அதவிட ஒசத்தி. அசையாம இரு."

சைத்தூன் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். நெய்னா வாய்க்காலில் மல்லாந்து படுத்து ஒரு பக்கத்தை முடித்தார். மறுபக்கத்தில் ஸ்பேனரை மாட்டும்போது மேலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, தண்ணி வருது."

"எங்க?"

"பாலத்துக்கிட்ட. வெளிய வாங்க."

"ஒரு போல்ட்டுதான் பாக்கி. நீ எறங்கிடாத."

சைத்தூன் இறங்கவில்லை. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு புதுத்தண்ணீர் மெல்ல ஊர்ந்து வந்தது. நெய்னாவின் தலை நனைந்தது, முதுகு நனைந்தது. கடைசிச் சுற்றையும் இறுக்கிவிட்டு அவர் சேறும் சருகுமாக வெளியே வந்ததைப் பார்த்து சைத்தூனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாடகைக் கார்ப் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.

ஏழாம் மாதம் பிறந்ததும் இருவரும் தரங்கம்பாடிக்குப் போய் ஷமாவை அழைத்து வந்தார்கள். ஊர் மதகு மேடு வந்தபோது நெய்னா காதைத் தீட்டிக்கொண்டார். ஏறினார், இறங்கினார். எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தார். ஷமா அம்மாவின் தோளில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் இவள் இப்படித்தான் தூங்கியிருப்பாளோ என்று நினைத்தார். அவருக்குத் தெரியாது.

வீட்டு வாசலில் வேகத்தைக் குறைத்தார். சைத்தூன் முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"எழுப்ப வேணாங்க. வாய்க்காலோரமா இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டு வாங்க."

நெய்னா நிறுத்தாமல் வீட்டைத் தாண்டிப் போனார்.