தனியாகப் போய் வேலை கேட்ட சின்னராசு

எங்கள் ஊரில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. என் அப்பாவும் தாத்தாவும் கைநாட்டு. ஆனால் எங்கள் ஊரில் முதன்முதலில் இன்டர்வியூவுக்குப் போனவன் நான் இல்லை. என் பெரியப்பா மகன் சின்னராசு அண்ணன்தான். இன்றைக்கு அவர் மலை ரோட்டு வேலையில் கேங் மேஸ்திரி. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் வளைவுகளில் எங்கே மண் சரிந்தாலும் அவருக்குத்தான் முதலில் ஆள் வரும். கொல்லிமலையில் எவனுக்காவது சம்பள வேலை வேண்டுமென்றால், அவனும் அவரிடம்தான் வருவான். அவரோ அவனை உட்காரவைத்து, "எங்கே, உன் பேரச் சொல்லு பாப்போம்" என்று ஆரம்பிப்பார். வந்தவன் பேந்தப் பேந்த விழிப்பான்.

அவரே அப்படி விழித்தவர்தான்.

அந்த நாளில் நான் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் இது பெருமாயி அண்ணி சொல்லி நான் கேட்டது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லடா" என்று அண்ணன் நடுநடுவே மறுத்ததையும் தள்ளிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெரியப்பா போன பிறகு நிலம் பாகமானது. அண்ணன் பங்குக்கு வந்த துண்டில் சாமை விதைத்தால் பாதி வருசத்துக்குக் காணாது. மலையில் அப்படிப்பட்டவர்களுக்கு இருந்த ஒரே வழி, தை மாதத்தில் மேலே ஏறி வரும் பழனிமுத்துக் கங்காணி. குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவன் அவன். அண்ணனும் அண்ணியும் ஒரு வருசம் அவனோடு போனார்கள். தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக இருக்கும் அந்தக் குச்சு வீடுகளில், அவர்களுடைய முதல் பெண் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அங்கேயே புதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

மறுபடி அண்ணி முழுகாமல் இருந்தபோது தை நெருங்கியது. அண்ணி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இந்த வயித்தோட நான் அந்த லயத்துல போயிப் படுக்க மாட்டேன். இங்கயே ஒரு வேலயப் பாருங்க. இல்லீன்னா நீங்க மட்டும் போங்க."

ரோடு போடும் வேலை அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கல் உடைக்கும் தினக்கூலியைக் காண்ட்ராக்டர் ஆட்கள் கீழ்நாட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவார்கள். ஆனால் போட்ட ரோட்டைக் காக்கிற கேங் வேலை நிரந்தரம். அதற்கு ஆள் எடுப்பவர் ஓவர்சீயர் அருணாசலம். காரவள்ளியில் தகரக் கொட்டகை போட்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையில் பெண் கேட்கப் போனால் மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. தாய்மாமன்தான் பேசுவார். பெண்ணுக்கு மட்டுமில்லை, ஏர் மாடு இரவல் கேட்டாலும், விதை கேட்டாலும், ஒருவனுக்காக இன்னொருவர்தான் கேட்பார். தனக்காகத் தானே போய்க் கேட்டால், "பாவம், ஆளில்லாதவன். சொந்த சனமே கைவிட்ட பய போலிருக்குது" என்று அர்த்தம். அதனால் துணைக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை மதிப்பு.

எனவே அண்ணன் வேலை கேட்கப் போனபோது தாய்மாமன் அப்பாசாமி முன்னால் நடந்தார். பின்னால் பங்காளிகள். ஒருவர் தலையில் வாழைத்தார், ஒருவர் தோளில் பலாப்பழம். கடைசியில், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு அண்ணன்.

ஓவர்சீயர் கொட்டகை வாசலுக்கே வந்துவிட்டார். "என்னப்பா இது, சீர்வரிசையா? யாருக்கு வேலை?"

"எங்க மருமவனுக்குங்க" என்றார் அப்பாசாமி.

"அவன் யாரு?"

"அந்தா, பலாப்பழத்துக்குப் பொறவால நிக்கறானே, அவந்தானுங்க."

"ஏப்பா, உன் பேரென்ன?"

"சின்னராசுங்க" என்றார் அப்பாசாமி.

"நான் அவனைக் கேட்டேன்."

"அவன் சொல்ல மாட்டானுங்க. மரியாத தெரிஞ்ச பையன்."

"சம்மட்டி பிடிப்பானா?"

தன் ஆளைத் தானே தூக்கிப் பேசுவதும் மலையில் அழகில்லை. அப்பாசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏதோ புடிப்பானுங்க" என்றார்.

"ஏதோ பிடிப்பானா? நேரத்துக்கு வருவானா?"

"ஏதோ வருவானுங்க."

கொட்டகைக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓவர்சீயர் சிரிக்கவில்லை. "பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. வாய் பேசாத பையனுக்குப் பொண்ணு குடுக்கலாம், ரோடு குடுக்க முடியாது. மேலேர்ந்து கல்லு உருண்டா, கீழ இருக்கிறவனுக்கு இவன்தான் குரல் குடுக்கணும். அப்ப உங்களைக் கூட்டிட்டு வர ஓடுவானா? பழத்தை எடுத்துட்டுப் போங்க. எவனாவது லஞ்சம்னு மொட்டைக் கடுதாசி போடுவான்."

வாழைத்தாரும் பலாப்பழமும் வந்த வழியே மலை ஏறின. ஏறும்போது அப்பாசாமி வழியெல்லாம் பொருமினார்: "முறை தெரியாத ஆளு. அவன்கிட்ட வேல பாக்காம இருக்கறதே நல்லது."

வீட்டில் அண்ணி விவரம் கேட்டுவிட்டுச் சாமை குத்திக்கொண்டே இருந்தார். பிறகு உலக்கையை நிறுத்தாமலே, குரலை மட்டும் கட்டையாக்கிக்கொண்டு கேட்டார்: "ஏப்பா, உன் பேரென்ன?"

"என்ன புள்ள வெளயாட்டு?"

"ஓவர்சீயரு கேக்கறேன். உன் பேரென்ன?"

"...சின்னராசு."

"ஒலக்கச் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல. யாரு, சின்னப்புள்ளயா?"

"சின்னராசு!"

"உனக்கு என்னப்பா தெரியும்?"

"என்னத்தத் தெரியும்... ஏதோ..."

"ஏதோங்கறவனுக்கு இங்க வேல இல்ல. அடுத்த ஆளு வா!"

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டாராம். ஆனால் மறுநாள் அண்ணி உரலடிக்குப் போனதும் அவராகவே வந்து எதிரில் நின்றார். அன்றிலிருந்து சாமை குத்துகிற நேரமெல்லாம் இதுதான் கூத்து. அண்ணனுக்குப் பேர் சொல்வது சீக்கிரம் வந்துவிட்டது. தனக்குத் தெரிந்ததைச் சொல்வதுதான் வரவில்லை. கல்லுக்கட்டு வைப்பதில் அவரை மிஞ்ச அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. சரிவில் அவர் அடுக்கிய கல் எந்த மழைக்கும் நகராது. ஆனால் அதைத் தன் வாயால் சொல்லச் சொன்னால் முகம் சிவந்துவிடும்.

"பீத்தறமாதிரி இருக்குது புள்ள."

"பொய்யி சொல்றதுதான் பீத்தறது. நீங்க கட்டுனத நீங்க கட்டுனேன்னு சொல்லறதுக்கு என்னவாம்? கங்காணி வந்தா உங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டான், என்னயும் சேத்துப் புடிச்சிட்டுப் போவான். அது பரவால்லயா?"

அடுத்த தடவை உலக்கை விழுந்தபோது, "கல்லுக்கட்டு வெப்பேன்" என்று கத்தினார் அண்ணன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

வீட்டுக்குள் வந்த பேச்சு வெளியில் வர வேண்டுமே. வாரச் சந்தைக்கு மிளகு கொண்டுபோகிற சாக்கில் அண்ணன் தனியாகப் பேளுக்குறிச்சிக்கு இறங்கினார். முன்பின் தெரியாதவரிடம் வேலை இருக்கிறதா என்று கேட்பதாகத் திட்டம். மிளகை விற்றார், ஒருவரையும் கேட்கவில்லை. கடைசியில், லாரிக்காரர்கள் சாப்பிடும் அத்தாயியின் புட்டுக்கடை முன்னால் போய் நின்றார்.

"என்ன சாமி, புட்டு வேணுமா, இல்ல என்னயவே பாத்துக்கிட்டு நிக்கப் போறியா?" என்றாள் அத்தாயி.

"வேலைங்க."

"எனக்கா? எனக்குத்தான் இருக்குதே!"

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணனுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை. உலக்கை விழுவதாக நினைத்துக்கொண்டு, "எனக்கு ரோட்டுல வேல வேணுமுங்க. கல்லுக்கட்டு வெப்பேன்" என்றார்.

ஒரு டிரைவர் நிமிர்ந்து பார்த்தார். "போன வாரம் கேங்குல ரெண்டு பேரு நின்னுட்டாங்க. ஓவர்சீயரு ஆளு தேடறாரு. காலைல போ. சாப்பாட்டுக்கு அப்புறம் போனா எரிஞ்சு விழுவாரு."

"வெறும் வாயோட போ கண்ணு. பழத்தத் தூக்கிட்டுப் போயிராத" என்றாள் அத்தாயி. பலாப்பழக் கதை அதற்குள் சந்தைவரை இறங்கியிருந்தது.

இனி ஓவர்சீயரைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். தாய்மாமனுக்குச் சொல்லாமல் போனால் அவரை இல்லாதவராக்கியது போல. சொல்லிவிட்டுத் தனியாகப் போனால் அதைவிட மோசம். அண்ணன் அவர் வீட்டுக்குப் போய் நின்றார்.

"மாமா, நாளைக்குக் காரவள்ளிக்குப் போறேன்."

"போலாம். பங்காளிகளுக்குச் சொல்லியுடு."

"நான் மட்டும் போறேன் மாமா."

அப்பாசாமி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். "ஏன், நான் செத்தா போயிட்டேன்? ஆளில்லாத பயலா நீ?"

"இல்லீங்க மாமா. அவங்க கேக்கறது என்னைய. நாந்தான் பதில் சொல்லணும்."

"அப்ப நான் பேசித்தான் உன் வேல கெட்டுப்போச்சா?"

இந்தக் கேள்வி அண்ணி வைத்த பயிற்சியில் இல்லை. "கெடலீங்க" என்று சொல்லியிருக்கலாம். "ஆமாங்க மாமா" என்றார் அண்ணன். அவர் வாழ்க்கையில் பேசியதிலேயே கஷ்டமான பேச்சு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வார். அப்பாசாமி எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அண்ணன் வீட்டுப் பக்கம் வரவில்லை, கை நனைக்கவுமில்லை.

மறுநாள் காலை கொட்டகையில் ஓவர்சீயர் அவரைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "எங்கப்பா சம்பந்தி கூட்டம்?"

"நான் மட்டும் வந்திருக்கறேனுங்க."

"பேரு?"

"சின்னராசுங்க!" உலக்கைச் சத்தத்தைத் தாண்டிப் பழகிய குரல். மேசையிலிருந்த டீ கிளாஸ் அதிர்ந்தது.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும். என்ன தெரியும்?"

"கல்லுக்கட்டு வெப்பேனுங்க. நல்லா வெப்பேன். சம்மட்டி அடிப்பேன். வெடி வெக்கத் தெரியாதுங்க."

"தெரியாததை எவனாவது சொல்லுவானா?"

"தெரிஞ்சத நாந்தான் சொல்லணும்னா, தெரியாததயும் நாந்தானுங்களே சொல்லணும்."

ஓவர்சீயர் கையை மேலே காட்டினார். "அந்த வளைவு தெரியுதா? அங்க ஏறிப் போ. கல்லு உருண்டு வருதுன்னு வெச்சுக்க. அங்கேர்ந்து குரல் குடு. இங்க கேக்குதான்னு பாக்கறேன்."

அண்ணன் ஏறினார். கீழே கல் உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. வளைவில் நின்று நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி, "கல்லு வருது! ஒதுங்கு! ஒதுங்கு!" என்று ஒரே போடு போட்டார். சம்மட்டிகள் கீழே விழுந்தன. கூடைக்காரப் பெண்கள் பள்ளத்தில் குதித்தார்கள். கொட்டகையிலிருந்தவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் நின்றவர் ஓவர்சீயர்.

உண்மை தெரிந்ததும் கூடைக்காரிகள் அண்ணனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஓவர்சீயர் வேட்டியிலிருந்த செம்மண்ணைத் தட்டிக்கொண்டே, "திங்கக்கெழமை வா" என்றார்.

தை பிறந்தது. பழனிமுத்துக் கங்காணி வழக்கம்போல மேலே வந்தான். வழக்கம்போலவே நேராக அப்பாசாமியிடம் போனான். அண்ணன் வேலை முடிந்து அந்த வழியாக வந்தவர் நின்றார். மாமனும் மருமகனும் பேசிக்கொள்ளாத சமயம்.

"என்ன அப்பாசாமி, உங்க மருமவனயும் புள்ளத்தாச்சியயும் இந்த வருசம் அனுப்பறீங்கல்ல?" என்றான் கங்காணி.

அப்பாசாமி அண்ணனை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "என்னைய எதுக்குக் கேக்கற? அவனயே கேளு. அவனுக்குத்தான் வாயிருக்குதே."

அது குத்தலா, பெருமையா என்று அண்ணிக்கு இன்றுவரை தெரியாது. அண்ணன், "நாங்க வரலீங்க. எனக்கு ரோட்டுல வேல" என்றார். கங்காணி அடுத்த வீட்டுக்குப் போனான்.

அன்று மாலை அண்ணி தானே போய் அப்பாசாமியைச் சாப்பிடக் கூப்பிட்டார். வந்தார். சாமைச் சோற்றை இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்திரையில் பையன் பிறந்த அன்றுதான் அவர் வாயைத் திறந்தார். குழந்தை அழுத அழுகையைக் கேட்டு, "இவனுக்கு எவனும் பேச வேண்டியதில்ல" என்றார்.