வந்தபடியே விட்டிருக்கலாம்

என் கணவருக்கு எதுவும் வேகமாக நடக்க வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் வாகனங்கள் நெரியும் காலி வீதியைக் கடக்கும்போதுகூட பச்சை விளக்குக்காக நிற்கமாட்டார். புதிதாக வாங்கிய, வயரில் இணைக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் சும்மா விடவில்லை. கொம்பியூட்டருக்குள் போய் எதையோ மாற்றிவிட்டு, "இப்ப பார், பறக்கும்" என்றார். பறந்ததை நான் காணவில்லை.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை எடுத்தால் உயிர் தப்பும், பேச்சு போய்விடும். கனடாவில் மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. பிறக்கப்போகும் பிள்ளை தன் குரலைக் கேட்க வேண்டும் என்று, பின்னேரங்களில் பல்கனியில் இருந்து போனில் கதை சொல்லிப் பதிந்தார். நரிக்கதை, காகக்கதை, நடுவில் கடலோரம் போகும் ரயிலின் இரைச்சல். "என்ர குஞ்சு" என்று தொடங்குவார். தொண்டை நொந்தாலும் நிறுத்தமாட்டார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று கேட்டு அழுதிருக்கிறேன்.

கலவரம் பார்த்த பல தமிழ் வீடுகளைப் போல, எங்கள் வீட்டிலும் கதவடியில் ஒரு பை இருக்கும். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் அதற்குள். ஓட வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. முக்கியமான எதையும் அந்தப் பைக்குள் வைக்காமல் அவர் வீட்டைவிட்டு இறங்கியதில்லை. குரல்வளையை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போன காலையிலும் அப்படித்தான். போனில் இடமில்லை என்று, பதிவுகளைப் பிரதி எடுக்காமல், கொம்பியூட்டர் வழியாக அப்படியே டிஸ்க்குக்கு மாற்றினார். கீழே ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். திரையில் முடிந்தது என்று வந்ததும் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினார்.

"இஞ்சருங்கோ, என்னத்துக்கு இந்த அவசரம்?" என்றேன்.

"பைக்குள்ள வச்சாத்தானே பத்திரம்."

இந்த வீட்டில் அவர் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தைகள் அவை.

அவர் குரலில்லாமல் வீடு திரும்பி, பேத்தியும் பிறந்த பிறகு டிஸ்க்கைத் திறந்தோம். கதைகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் சத்தம் இல்லை. டிஸ்க்கையும் போனையும் தூக்கிக்கொண்டு காலி வீதிக் கொம்பியூட்டர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் இரண்டையும் கிண்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"அக்கா, இது வாங்கேக்க டக்கெண்டு கழட்டினாலும் பழுதாகாத மாதிரித்தான் செட் பண்ணி வரும். ஆரோ ஸ்பீடுக்கு மாத்தியிருக்கினம். மாத்தினா, முடிஞ்சுது எண்டு காட்டினாலும் உள்ளுக்கு எழுதி முடிஞ்சிராது. கொம்பியூட்டரில இஜெக்ட் குடுத்துத்தான் கழட்டோணும்."

வீட்டுக்கு வந்து அவரிடம் கத்தித் தீர்த்தேன். "ஆரைக் கேட்டு மாத்தினனீங்கள்? வந்தபடியே விட்டா என்ன குறைஞ்சு போயிருக்கும்? எங்க ஓடப் போறியள் எண்டு இவ்வளவு அவசரம்?"

கலியாணம் கட்டிய நாளிலிருந்து வாய்த்தர்க்கத்தில் என்னிடம் ஒருநாளும் தோற்காத மனிதர். நான் ஒன்று சொன்னால் பத்துச் சொல்லுவார். அன்று, மூச்சுவிடக் கழுத்தில் வைத்த துளையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். ஒரு சொல் திருப்பிச் சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன்.

மகளிடம் நேற்றுத்தான் சொன்னோம். வீடியோவில் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, "போனை அப்பாட்டக் குடுங்கோ" என்று பிள்ளையை மடியில் தூக்கி வைத்தாள்.

அவர் போனை வாங்கி, பழக்கத்தில் வாயைத் திறந்தார். உதடுகள் "என்ர குஞ்சு" என்று அசைந்தன. கழுத்துத் துளையால் காற்றுத்தான் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அம்மப்பாவின் குரல் அதுதான் என்று நினைத்திருக்கும்.