தயாளினியின் வேகம்

சல்லிக் கிராமத்தில் பிறந்த தயாளினி, திருகோணமலை உட்துறைமுக வீதியில் ஒரு மாடியிலிருந்த சிறிய மென்பொருள் கந்தோரில் வேலை செய்தாள். நிலாவெளி ஹோட்டல்களுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள்தான் அவர்களுடைய பிழைப்பு. அவள் நிரல் எழுதுவாள், கூட வேலை செய்த அர்ஷாக் அதைக் குடைந்து குடைந்து பிழை பிடிப்பான். பிழை அகப்பட்டால் அவனுக்கு வருகிற சந்தோஷம் அவளுக்கு எரிச்சலூட்டும்.

சென்ற வருடம் முதலாளி சிவரூபன் நிரல் எழுதும் ஏஐ கருவியொன்றை வாங்கிப் போட்டார். ஒரு நாள் பிடிக்கிற வேலையை அது தேநீர் ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தது. வேலை வேகமாகப் பறக்கிறது என்று தயாளினி அவரிடம் வாய்விட்டே சொன்னாள். இனி ஒரு ஆள் போதுமென்று அடுத்த மாதமே சிவரூபன் அர்ஷாக்கை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பிறகுதான் அவளுக்கு விளங்கியது. தான் எழுதாத நிரலை வரிவரியாக வாசிக்க வேண்டியிருந்தது. பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பிழை எங்கோ நடுவில் பதுங்கிக் கிடக்கும். தானே எழுதியிருந்தால் முந்தியே முடிந்திருக்கும் என்று பல நாள் பல்லைக் கடித்தாள். சிவரூபனோ வேலை இரட்டிப்பு வேகத்தில் நடப்பதாகச் சொல்லிப் புதிய வேலைகளை அள்ளிக்கொண்டு வந்தார்.

ஓகஸ்ட் விடுமுறையில் அப்படிப் பதுங்கிய ஒரு பிழையால் ஒரே அறை இரண்டு குடும்பங்களுக்குப் பதிவாகிவிட்டது. கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், பெட்டிகளோடு ஹோட்டல் வாசலில் வெயிலில் நின்றாள். ஹோட்டல்காரர் சிவரூபனைக் கிழி கிழியென்று கிழித்தார். சிவரூபன் நேரே தயாளினியிடம் வந்தார்.

"ஏன் பாக்காமல் விட்டனீங்கள்? வேகம் கூடியிருக்கெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அது உண்மையாக இருந்ததால்தான் அவளுக்கு அப்படிச் சுட்டது.

"ஓம் சேர், சொன்னனான். எழுதுற வேகத்தைச் சொன்னனான். பிழை பிடிக்கிற ஆளை நிப்பாட்டச் சொல்லி நான் சொல்லேல்ல. இனி ரெண்டாவது ஆள் பாக்காமல் ஒண்டும் வெளியில போகாது. ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, நான் போறன்."

சிவரூபன் அர்ஷாக்கைத் திரும்ப வேலைக்கு அழைத்தார். அவன் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வர ஏலாதென்று மரியாதையாகவே சொன்னான்.

வேறு ஆள் கிடைக்கும்வரை சிவரூபனே அவளருகில் கதிரை போட்டுச் சோதிக்கத் தொடங்கினார். முதல் திரையைப் பார்த்து முடிக்கவே மத்தியானமாகிவிட்டது. இதற்கு இவ்வளவு நேரம் போகுமா என்று கேட்டார். தயாளினி அடுத்த திரையைத் திறந்து கணினியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.