பந்து எங்கே, சார்?

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பன் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, அவன் வீட்டு டிவியைப் பார்த்து, “வாயை மூடுங்கடா!” என்று கத்தினேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் கத்துகிற ஆள் இல்லை. பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால்கூட, ‘பரவாயில்லை’ என்று அவர்களுக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிற ரகம். அப்படிப்பட்டவனைக் கத்த வைத்தவர்கள் இரண்டு அமெரிக்கர்கள். என் குரல் அவர்களுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் பேச்சை நிறுத்தியிருப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன்.

ஏழுமலை என் நண்பன். சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன். கல்பாக்கத்தில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம், ஒரே டீமில் ஃபுட்பால் ஆடினோம். நான் டிஃபென்ஸில் நின்று பந்தை விடுவேன். அவன் கோலில் நின்று பிடிப்பான். இந்த ஏற்பாட்டில்தான் எங்கள் டீம் பல வருஷம் ஓடியது.

இப்போது ஏழுமலைக்குக் கண் தெரியாது. கண் அழுத்த நோய். முதலில் ஓரங்கள் மங்கின. பிறகு நடுவிலும் இருட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ சொட்டு மருந்து, ஆபரேஷன்... இன்று அறையில் லைட் எரிகிறதா இல்லையா என்று சொல்லுவான். அவ்வளவுதான்.

அவனுக்கு ஒரே மகள், யாழினி. அப்பாவின் கைகளைப் பார்த்து வளர்ந்த பெண், கால்களால் விளையாடப் போனாள். நல்ல டிஃபெண்டர். (என்னைப் போல இல்லை.) விளையாட்டு ஸ்காலர்ஷிப்பில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள், கல்லூரி டீமில் ஆடுகிறாள். அந்தப் பக்கத்துச் சேனல் ஒன்று மேட்ச்சை ஒளிபரப்புகிறது. அவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம், நமக்கு ஞாயிறு காலை. யாழினி லிங்க் அனுப்புவாள். நான் புதுப்பட்டினத்திலிருந்து டூவீலரில் போய், போனிலிருந்து டிவிக்கு மாற்றிக் கொடுப்பேன். ஏழுமலையின் மனைவி சாந்தி இட்லியும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைப்பாள்.

எவ்வளவு நல்ல ஞாயிற்றுக்கிழமை! அந்த இரண்டு பேர் மட்டும் இல்லாவிட்டால்.

கமென்டேட்டர்கள். பெயர் வேண்டாம். மூத்தவர், இளையவர் என்று வைத்துக்கொள்வோம். இளையவர் முன்னாள் ஆட்டக்காரராம். அதை அவரே அடிக்கடி சொன்னார்.

இவர்கள் என்னதான் பேசுவார்கள்? ஸ்டேடியம் வாசலில் விற்கிற பீட்சாவைப் பற்றிப் பேசுவார்கள். மூத்தவருடைய நாய்க்கு எடுத்த புதுச் சட்டையைப் பற்றிப் பேசுவார்கள். எந்தப் பெண் என்ன பாடம் படிக்கிறாள், அவளுடைய அண்ணன் எந்த ஊரில் பேஸ்பால் ஆடினான்... எல்லாம் வரும். ஆஃப்சைடு என்றால் என்ன என்று ஒவ்வொரு மேட்ச்சிலும் ஆரம்பத்திலிருந்து விளக்குவார்கள். அந்த விளக்கம் முடிவதற்குள் அடுத்த ஆஃப்சைடு வந்துவிடும்.

பந்து? அது பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும்.

“மச்சான், பந்து எங்க கீது?” என்பான் ஏழுமலை.

“நடுவுல. நம்ம புள்ளைங்ககிட்ட.”

“நடுவுலன்னா? லெஃப்ட்டா, ரைட்டா?”

நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து வேறு எங்கோ போயிருக்கும். கண்ணால் பார்ப்பதை உடனே வாயால் சொல்வது ஒரு தனித் திறமை. எனக்கு அது இல்லை. சரி, நான் அதற்குச் சம்பளம் வாங்கவில்லை. வாங்குகிறவர்கள் அல்லவா நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

பெயர்க் கொடுமை வேறு. யாழினியின் ஜெர்சி முதுகில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் நம் ‘ழ’வை எப்படி எழுதுவோம் என்று உங்களுக்குத் தெரியும். இளையவர் முதல் நாள் அதை எழுத்துக் கூட்டிப் பார்த்தார். “இஸ்ஹூ... இஸ்மா...” என்று இரண்டு தடவை முட்டி மோதிவிட்டு, “இந்தப் பெயரிலேயே டிராஃபிக் ஜாம் இருக்கிறது” என்று சிரித்தார். அன்றிலிருந்து யாழினி வெறும் ‘அந்த டிஃபெண்டர்’. மற்ற பெண்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இவளுக்கு மட்டும் வேலையின் பெயர்.

அதைக் கேட்டு ஏழுமலையும் சிரித்தான். “வுடு மச்சான், நம்ம ஆபீஸ்ல வடக்குலேர்ந்து வந்த ஆபீசருங்க என்னிய இன்னா பாடு படுத்தினாங்க? எலுமலை, எல்லுமலை... இதெல்லாம் பழகிப்போச்சு.”

எனக்குப் பழகவில்லை. ஒரு பெண்ணிடம் நேரில் போய், ‘உன் பெயரை எப்படிச் சொல்லணும்?’ என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? நாய்க்குச் சட்டை எடுக்க நேரம் இருக்கிறதே!

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை.

வெளியே நல்ல மழை. இரண்டாவது பாதி நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு கோல். இளையவர் ஒரு கதை ஆரம்பித்திருந்தார்... ஏதோ ஹோட்டலில் மீன் ஆர்டர் பண்ணினாராம், வெயிட்டர் வேறு எதையோ கொண்டுவந்தாராம்.

எதிர் டீம் கார்னர் அடித்தது. கோல் முன்னால் ஒரே கும்பல். யாழினி எகிறினாள். எதிர் டீம் பெண் ஒருத்தியும் எகிறினாள். ‘டொக்’ என்று ஒரு சத்தம், டிவியிலேயே கேட்டது. இரண்டு பேரும் கீழே விழுந்தார்கள். அந்தப் பெண் எழுந்துகொண்டாள். யாழினி எழவில்லை.

ஸ்டேடியத்தில் சத்தம் அப்படியே அடங்கியது. ஏழுமலை தலையைச் சாய்த்துக் கேட்டான்.

“ஜனங்க சத்தம் நின்னுபோச்சே... இன்னா ஆச்சு மச்சான்?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை.

டிவியில் இளையவர் வெயிட்டரைப் போலக் குரல் மாற்றிப் பேசிக் காட்டினார். மூத்தவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஏழுமலை மறுபடியும் சோபாவில் சாய்ந்துகொண்டான். “சிரிச்சிகினு கீறானுங்க. அப்ப ஒண்ணுமில்ல.”

அப்போதுதான் கத்தினேன்.

ஒரு பெண் தலையில் அடிபட்டு விழுந்து கிடக்கிறாள். பத்தாயிரம் மைலுக்கு அப்பால் அவளுடைய அப்பா, அந்த இரண்டு பேருடைய குரலை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். அவரும் நிம்மதியாகச் சாய்கிறார். இதை என்ன சொல்வது? பொய் சொன்னார்களா? இல்லை. அதைவிட மோசம். பார்க்கவே இல்லை!

என் சத்தம் கேட்டு சாந்தி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். டிவியைப் பார்த்தாள். அவள் ஃபுட்பால் பார்ப்பவளே இல்லை. ஆனால் எனக்கு வராத பேச்சு அவளுக்கு வந்தது.

“பாப்பா வுழுந்துகீதுங்க” என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. “மல்லாந்து படுத்துகினு கீது. டாக்டரம்மா ஒருத்தங்க ஓடியாறாங்க. மண்டி போட்டு குனிஞ்சி பாக்கறாங்க...”

“கண்ண தொறந்துகீதா?”

“தெரியல. மறைக்கறாங்க... இருங்க... தொறந்துகீது. வெரல காட்டி இன்னாமோ கேக்கறாங்க. தலைய ஆட்டுது.”

ஏழுமலை இரண்டு கைகளாலும் சோபாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“எழுந்து ஒக்காந்துச்சுங்க. நெத்திய புடிச்சிகினு கீது...”

இந்த நேரத்தில்தான் மூத்தவர் விழித்துக்கொண்டார். “ஓ, அந்த டிஃபெண்டர் கீழே இருக்கிறார் போலிருக்கிறது...” என்றார். அடுத்த நொடி... விளம்பரம்! ஒரு பெரிய லாரி, மலைமேல் ஏறுகிறது. பின்னணியில் கிடார். அதன் பிறகு இன்சூரன்ஸ். அதன் பிறகு மறுபடியும் அதே லாரி.

திரும்பி வந்தபோது மேட்ச் நடந்துகொண்டிருந்தது. யாழினியின் இடத்தில் வேறொரு பெண் ஆடினாள். என்ன ஆயிற்று, எழுந்து நடந்து போனாளா, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்களா... ஒரு வார்த்தை இல்லை. மீன் கதை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மேட்ச் முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்த டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இட்லியை யாரும் தொடவில்லை. போன் அடித்ததும் சாந்தி பாய்ந்து எடுத்தாள். யாழினிதான். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்பா, ஒண்ணுமில்லப்பா. நெத்தில வீக்கம். ரெண்டு வாரம் ஆடக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க. தலை லேசா வலிக்குது, அவ்ளோதான்.”

சாந்தி அழுதாள். ஏழுமலை போன் பக்கம் குனிந்து கேட்டான்.

“அந்த கார்னரு... கிளியர் பண்ணியா?”

“பண்ணேன்பா. கோல் லைன்லேர்ந்து தலையால வெளிய தள்ளினேன். இல்லன்னா கோலுதான்.”

கேட்டீர்களா? நிச்சயமான ஒரு கோலைத் தடுத்திருக்கிறாள். தலையைக் கொடுத்துத் தடுத்திருக்கிறாள். அதைச் சேனலில் யாருமே சொல்லவில்லை. அவள் வாயால் சொல்லித்தான் அவளுடைய அப்பாவுக்குத் தெரிந்தது.

அன்று மதியமே அந்தச் சேனலுக்கு ஆங்கிலத்தில் காட்டமாக ஒரு மெயில் அனுப்பினேன். கமென்டரி என்பதே பார்க்க முடியாதவனுக்காக ரேடியோவில் பிறந்தது, அவனை மறந்துவிட்டு யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்டிருந்தேன். உடனே பதில் வந்தது. ‘உங்கள் உற்சாகத்துக்கு நன்றி! எங்கள் செய்திமடலில் சேர இங்கே அழுத்தவும்.’ மெஷின் அனுப்பிய பதில். மனிதர்கள் பீட்சா சாப்பிடப் போயிருப்பார்கள்.

‘நம்ம ஊர் டிவி மட்டும் ஒழுங்கா?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். இங்கே கிரிக்கெட் கமென்டரியில் பந்து பௌண்டரிக்குப் போய் வருவதற்குள் மூன்று பஞ்ச் டயலாக் அடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒருவன் விழுந்தால், ‘ஐயோ!’ என்றாவது சொல்கிறார்கள். அந்த ‘ஐயோ’ போதுமே! ஏழுமலை அதை வைத்தே மிச்சத்தைப் புரிந்துகொள்வான்.

என் மெயிலால் ஆகாதது யாழினியால் ஆயிற்று. நடந்ததையெல்லாம் சாந்தி அவளிடம் சொல்லியிருக்கிறாள். ஓய்வு முடிந்து டீமுக்குத் திரும்பிய முதல் நாள், மேட்ச் ஆரம்பிப்பதற்கு முன்னால், அந்தப் பெண் நேராகக் கமென்டேட்டர்கள் உட்காரும் இடத்துக்கே போய்விட்டாள். அங்கிருந்து வீட்டுக்குப் போன் வந்தது. நான் அப்போதுதான் டிவியில் லிங்க்கைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“அப்பா, கமென்ட்ரி பண்றாரே பெரியவரு, அவருகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். ரொம்ப சாரி சொன்னாரு. அழுதுடுவாரு போல கீது. மேட்ச்ல உங்களுக்கு இன்னா சொல்லணும்னு கேக்கறாரு.”

எனக்கு அவரிடம் சொல்ல நிறைய இருந்தது. போனைப் பிடுங்கிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

ஏழுமலை நிதானமாகச் சொன்னான். “எம் பேர எப்டி வேணா சொல்லிக்கட்டும்மா. பந்து எங்க கீது, யாரு கால்ல கீது, யாருனா வுழுந்தாங்களா... அத்த சொன்னா போதும். மேல ஒண்ணும் வேணாம்.”

மேட்ச் ஆரம்பித்தது. என்னால் நம்ப முடியவில்லை. மூத்தவர் சொல்லிக்கொண்டே வந்தார். இடது பக்கம், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில்... இப்போது உள்ளே தள்ளுகிறார்... பெனால்டி ஏரியா விளிம்பு... அடி! கோல்கீப்பர் கையில்! ஏழுமலை சோபாவின் நுனிக்கு வந்துவிட்டான். இளையவர் பூசணிக்காயில் செய்த ஏதோ ஒரு காபியைப் பற்றி ஆரம்பித்தார். “அதை அப்புறம் பார்க்கலாம்” என்று மூத்தவர் வெட்டினார். நான் கை தட்டினேன்.

இரண்டாவது பாதியில் யாழினி இறங்கினாள். “யாளினி ஏளுமலாய்” என்றார் மூத்தவர். ழ வரவில்லைதான். நம்மூர் டிவியில் எத்தனை பேருக்கு வருகிறது?

கடைசி நிமிடங்கள். எதிர் டீம் பெண் ஒருத்தி பந்தோடு ஓரமாகப் பாய்ந்தாள். பின்னாலேயே யாழினி. மூத்தவர் மூச்சு வாங்கச் சொன்னார். “ஏளுமலாய் அவருடைய சட்டையைப் பிடித்து இழுக்கிறார்! கீழே தள்ளிவிட்டார்! தெளிவான ஃபௌல்! மஞ்சள் அட்டை!”

ஏழுமலை எழுந்து நின்றுவிட்டான்.

“பொய் சொல்றான்! எம் பொண்ணு அப்டிலாம் பண்ணாது. இவனுக்கு இன்னா கண்ணு தெரியலியா? மச்சான், நீ சொல்லு. இழுத்தாளா?”

ரீப்ளே போட்டார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, ஸ்லோ மோஷனில். நான் சாந்தியைப் பார்த்தேன். சாந்தி என்னைப் பார்த்தாள்.

“இழுத்துச்சுங்க” என்றாள் அவள். “ரெண்டு கையாலயும் இழுத்துச்சு.”

ஏழுமலை மெல்ல உட்கார்ந்தான்.

“கோல் போச்சா?”

“போவல.”

“அப்ப இன்னாத்துக்கு கார்டு?” என்றான், நிஜமாகவே புரியாதவனைப் போல.

நல்ல கமென்டேட்டர் வேண்டும் என்று சண்டை போட்டோம், கிடைத்துவிட்டார்... இனி அவரை நம்பவும் பழக வேண்டும்!