பூவரச முளைக்குச்சி

மேலகரத்துக் கீரைக்காரி எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் கட்டுப் போடுவாள், ஆவுடைத்தாய் வீட்டுக்கு மட்டும் ஒரு பிடி கூட வைப்பாள். பாசத்தினால் அல்ல, அந்த வாய்க்குப் பயந்து. சுந்தரபாண்டியபுரத்தில் பிறந்து பதினாறு வயதில் கடற்கரை என்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். கடற்கரை அவளுக்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் "சரி" என்பான். அந்தச் சரியைச் சொல்லித்தான் பட்டாளத்துக்குப் போனான். போன இடத்தில் இடது முழங்காலில் அடிபட்டு, கால் சரியாக மடங்காமல் திரும்பி வந்தான்.

வந்தவனுக்கு ஒரு வேலை காத்திருந்தது. யுத்தம் முடிந்த மறு வருஷம் செல்லச்சாமிப் பண்ணையார் ஒரு பழைய டிராக்டரை ஏலத்தில் எடுத்து வந்து களத்தில் நிறுத்தியிருந்தார். ஊரில் ஒருவருக்கும் அதை ஓட்டத் தெரியாது. கடற்கரைக்குப் பட்டாளத்தில் பழகிய கை. பண்ணையார் கூப்பிட்டுக் கேட்டார், அவன் சரி என்றான். குடியிருக்க வீடும் கொடுத்தார்.

அந்த வண்டி என்றாலே ஆவுடைத்தாய்க்குப் பயம். அந்தப் பயத்தைக் கிளப்பிவிட்டவன் கடற்கரைதான். ஒரு நாள் அவள் அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவளைப் பலகையை விட்டு எழுந்து நின்று அலகின் நுனியில் காயை வைத்துத் தள்ளிப் பார்க்கச் சொன்னான். தள்ளினாள். பலகையின் வால் விருட்டென்று தூக்கியது. அலகின் அடியில் தள்ளச் சொன்னான். பலகை அசையாமல் கிடந்தது.

வண்டியும் இப்படித்தான் என்றான். கலப்பையை, வண்டிக்குப் பின்னால் தாழ்ந்து கிடக்கும் வால்சட்டத்தில்தான் பூட்ட வேண்டும். உசரத்தில், ஆசனத்துப் பக்கமாகச் சங்கிலியைக் கட்டி இழுத்தால் மூக்கு தூக்கிவிடும். தாழப் பூட்டினாலும் முழு நம்பிக்கை கிடையாது. கலப்பை பாறையில் மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் உருள முடியாது. எஞ்சினோ நிற்காது. சக்கரம் சுற்றாவிட்டால் வண்டியே சக்கரத்தைச் சுற்றி எழும்பி, ஓட்டுகிறவன் மேல் மல்லாக்க விழும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பட்டாள முகாமில் ஒருவன் அப்படிப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். கிளச்சை மிதித்தால் தப்பலாம். கிளச்சு இடது காலுக்கு. கடற்கரையின் இடது கால் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப உங்களுக்கு என்னதான் காவலு?" என்று கேட்டாள்.

காவல் ஒரு முளைக்குச்சி. வால்சட்டமும் கலப்பையின் மூக்கும் சேருகிற துளையில் சொருகுவது. கட்டைவிரல் கனம், ஒரு சாண் நீளம், மரத்தில் செய்தது. கலப்பை கல்லில் முட்டினால் முதலில் அது முறியும். கலப்பை பின்னால் கிடக்கும், வண்டி முன்னால் போய்விடும்.

அன்று முதல் அந்தக் குச்சி சீவுகிற வேலையை ஆவுடைத்தாய் எடுத்துக்கொண்டாள். அடுப்பில் கிடந்து வேகிறவளுக்கு விறகின் குணம் தெரியாதா? வேலங்கட்டையில் செய்து பார்த்தாள், அது முறியவே இல்லை. முருங்கைக் கட்டை மண்கட்டிக்கெல்லாம் முறிந்தது. கடைசியில் பூவரசு சரியாக வந்தது. வாரத்துக்கு ஆறு, ஏழு சீவுவாள். மலையடிவாரத்துப் புன்செய்க் காடு, எங்கே தோண்டினாலும் கல்தான். குச்சி முறியாத நாள் குறைவு.

அதில்தான் வந்தது வினை. சித்திரை ஒண்ணாம் தேதி, வருஷத்தின் முதல் உழவான பொன்னேர் பூட்டும்போது, ஊரே கூடி நிற்க, முதல் சுற்றிலேயே குச்சி முறிந்தது. பதினைந்தே நாளில் வெக்கை நோய் வந்து பண்ணையார் தொழுவத்தில் இரண்டு உழவுமாடு செத்தது. பண்ணையார் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார். மறு வருஷம் பங்குனி கடைசியில், பொன்னேருக்கு இனி மரக்குச்சி ஆகாது என்று பிச்சையா ஆசாரியிடம் சொல்லி, உருக்கு இரும்பில் ஒரு ஆணி அடித்து வாங்கிவிட்டார்.

கடற்கரை ஒரு தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்தான். பண்ணையார் சிரித்தாராம். "ஏலே, அச்சாணி இல்லாத தேரு முச்சாணும் ஓடாதும்பாக. நீ என்னடான்னா முறியுறதுக்குன்னே ஒரு ஆணி வேணுங்கே" என்றாராம். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. மாட்டுவண்டியிலேயே பிறந்து வளர்ந்த ஊர் இது. கடையாணி முறிந்தால் சக்கரம் கழன்று குடி கெடும். முறிகிற ஆணிதான் நல்ல ஆணி என்றால் யார் ஒப்புவார்கள்?

"நீங்க என்ன சொன்னிய?" என்று கேட்டாள்.

"சரின்னேன்" என்றான் கடற்கரை.

அவள் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்தாள். அவனும் சரி என்று தின்றுவிட்டு எழுந்தான்.

சித்திரை ஒண்ணாம் தேதி காலையில் பண்ணையார் பெண்சாதி குருவம்மாள், பூசைத் தட்டைச் சோடிக்க ஆவுடைத்தாயை வரச் சொல்லியிருந்தாள். தேங்காய், பழம், வெற்றிலைக்கு நடுவில் அந்த இரும்பாணி கிடந்தது. அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வேண்டியது ஆவுடைத்தாயின் பொறுப்பு. ஆணியைக் கையில் எடுத்தாள். நல்ல கனம். பிச்சையா ஆசாரி வேலை, நூறு வருஷத்துக்கும் முறியாது.

குருவம்மாள் கற்பூரம் எடுக்க உள்ளே போன நேரத்தில் ஆணி ஆவுடைத்தாயின் மடிக்குப் போனது, மடியில் இருந்த பூவரசங்குச்சி தட்டுக்கு வந்தது. மஞ்சளைக் குழைத்து விரல் கனத்துக்கு அப்பினாள். மேலே குங்குமம், அதன் மேல் ஒரு சுற்றுப் பூ. இப்போது அது இரும்பா மரமா என்று சாமிக்குத்தான் தெரியும். அவசரத்தில் பொட்டு ஒன்று கோணிப்போனது.

காட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். தீபாராதனை முடிந்ததும் பண்ணையார் தட்டைக் கடற்கரையிடம் நீட்டினார். அவன் குச்சியை எடுத்தான். எடுத்த கை ஒரு கணம் அப்படியே நின்றது. கூட்டத்தில் அவளைத் தேடிப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. அவன் குனிந்து குச்சியைத் துளையில் சொருகினான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. முதல் சால் உடைமைக்காரன் கையால்தான் ஓட வேண்டும் என்பது முறை. மாடாக இருந்தால் பண்ணையார் மேழியைப் பிடித்திருப்பார். வண்டியில் எதைப் பிடிப்பார்? போன வருஷம் வண்டியைத் தொட்டுக் கும்பிட்டதோடு நின்றவர், இந்தத் தடவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்சக்கரத்து மட்கார்டில் ஏறி, கடற்கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். குச்சி சீவியது அவள் கை. பூவரசு பச்சையாக இருந்ததோ? கொஞ்சம் கனமாகச் சீவிவிட்டாளோ? முறிய வேண்டிய நேரத்தில் முறியாவிட்டால் இரண்டு உயிர்.

முதல் சுற்று சுகமாக முடிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டாவது சுற்றில், கிழக்கு மூலையில், எஞ்சின் சத்தம் திடீரென்று கனத்து முக்கியது. கலப்பை நின்றுவிட்டது. வண்டியின் முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஒரு சாண். ஒரு முழம். பண்ணையார் இரண்டு கையாலும் கடற்கரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஆவுடைத்தாய் ஒன்று என்று எண்ணினாள்.

சடக்.

முன்சக்கரம் தொப்பென்று விழுந்தது. வண்டி நாலு அடி ஓடி நின்றது. கலப்பை கல்லைக் கவ்வியபடி பின்னால் கிடந்தது.

பண்ணையார் இறங்கினார். முறிந்து கிடந்த துண்டை எடுத்து நகத்தால் மஞ்சளைச் சுரண்டினார். உள்ளே மரம். ஆவுடைத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மடியிலிருந்த ஆணியை எடுத்து நீட்டினாள்.

"மாத்துனது நாந்தான், மொதலாளி. அவுகளுக்குத் தெரியாது. ரெண்டு பேரு கழுத்து முறியறதுக்குப் பதிலா ஒரு குச்சி முறிஞ்சிருக்கு. மனசுக்கு ஒப்பலைன்னா இந்தாங்க, இதை மாட்டிக்கிட்டு அடுத்த சுத்துக்கு ஏறி உக்காருங்க."

பண்ணையார் ஆணியைப் பார்த்தார், முன்சக்கரத்தைப் பார்த்தார். ஆணியை வாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டம் முழுக்கக் கேட்கும்படி, "திருஷ்டி கழிஞ்சிது" என்றார். கழிந்ததாம்! அவள் மடியில் இன்னும் இரண்டு குச்சி இருந்தது, ஒன்றை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தாள். மூன்றாவது சுற்றுக்குப் பண்ணையார் ஏறவில்லை. அந்தச் சுற்றிலும் ஒன்று முறிந்தது. இந்தத் தடவை அதை யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை.

சாப்பிடும்போது, கையில் எடுத்தவுடன் கனம் தெரிந்திருக்குமே, ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"இம்புட்டு மஞ்சளை அப்பிருக்கே. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றான் கடற்கரை.

அவள் சிரிக்கப் போய், சிரிப்பு வராமல் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த இரும்பாணி பண்ணையார் வீட்டு மாட்டுவண்டிக்குக் கடையாணியாகப் போனது. அடுத்த வாரம் அதே வண்டியில் ஒரு பூவரசங்கிளை அவள் வாசலில் வந்து இறங்கியது. அவள் அதை நறுக்கி விறகுக் கட்டோடு சேர்த்து வைத்தாள்.

பயம் மட்டும் போகவில்லை. அவன் உழுகிற நாளெல்லாம் அவளுக்கு ஒரு காது அடுப்பங்கரையில், ஒரு காது காட்டில். எஞ்சின் சத்தம் கனத்தால் கையிலிருக்கிற காயை அப்படியே வைத்துவிடுவாள். சத்தம் சட்டென்று லேசானால் குச்சி முறிந்துவிட்டது, அவன் பிழைத்தான் என்று அர்த்தம். மூச்சு விட்டுவிட்டு, விறகுக் கட்டிலிருந்து ஒரு பூவரசங்கொப்பை உருவி, சீவ உட்கார்வாள்.