அன்னம்மா குத்தாத முத்திரை

கம்பெனி பஸ் புக்கிட் பாத்தோக்கைத் தாண்டுவதற்குள் அன்னம்மா யாரையாவது திட்டத் தொடங்கியிருப்பார். பெரும்பாலும் கைப்பேசியை. குடும்பக் குழுவில் யாரோ தொந்தி பெருத்த சரக்கு விமானத்தின் காணொளியைப் போட்டு, கப்பி என்ற விமானத்தைப் பெலுகா என்ற இன்னொன்றின் பெயரில் எழுதியிருப்பார்கள். ஒற்றை விரலால் குத்திக் குத்திப் பதில் எழுதுவார். வாயும் சும்மா இருக்காது. "கப்பிக்கு நாலு காத்தாடி, பெலுகாவுக்கு ரெண்டு ஜெட். இதக்கூடப் பாக்காம போடுறான். கண்ணு எதுக்கு இருக்கு?"

ஐம்பத்து நான்கு வயது. சிங்கப்பூர் சிலேத்தாரில் ஒரு விமான உதிரிபாகக் கிடங்கில் சோதனையாளர். அங்கே சோதனையாளரின் முத்திரை, எங்கள் பேச்சில் 'சாப்', விழாமல் ஒரு திருகாணிகூட வெளியே போகாது. கழுத்தில் இரண்டு கண்ணாடிகள் தொங்கும். ஒன்று எண் படிக்க, மற்றது மனிதர்களைப் பார்க்க. "மனுசனுக்கு இந்தப் பவர் போதும்" என்பார். நான் பக்கத்து மேசை. என் உளுந்து வடையில் பாதியைக் கேட்காமலே எடுத்துக்கொள்வார்.

போன வெள்ளிக்கிழமை மதியம் மானேஜர் அருண்ராஜ் அவசரப்பட்டார். பயணிகள் விமானத்தை வெட்டி, முதுகில் பெரிய கூடு வைத்து மாற்றிய இரண்டு சரக்கு விமானங்கள் ஒரு வாடிக்கையாளரிடம் இருக்கின்றன. பெயர் ஒன்று, தொந்தியும் ஒன்று. ஆனால் இரண்டாவதில் இருப்பது அதே இன்ஜினின் பிந்திய வகை. அருண்ராஜ் விமானத்தின் பெயரை மட்டும் பார்த்து, முதலாவதற்கான எரிபொருள் பம்ப்பை இரண்டாவதற்கு வரவழைத்திருந்தார். போல்ட் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். அழுத்தம் பொருந்தாது.

"அக்கா, சேம் பிளேன் லா. லாரி வெயிட் பண்ணுது, சாப் போடுங்க."

"சேம் தொந்தி தம்பி, சேம் பிளேன் இல்ல. இன்ஜின் நம்பரப் படி."

"ஃபிட் ஆகுதுல்ல? அங்க அவங்க செக் பண்ணிக்குவாங்க."

எனக்கே ரத்தம் கொதித்தது. அங்கே இருப்பவர் இங்கே குத்திய முத்திரையை நம்பித்தானே பூட்டுவார்! அன்னம்மா போட்ட சத்தத்தில் கிடங்கே திரும்பிப் பார்த்தது.

"கடலுக்கு மேல இன்ஜின் நின்னுச்சுன்னா உள்ள இருக்கறவன் உன்கிட்ட வந்தா கேப்பான்? சொல்லு லா!"

அருண்ராஜின் முகம் கறுத்தது. "அப்ப திங்கட்கிழமைலேர்ந்து நீங்க வர வேணாம். இருதயராஜ் போட்டுக்குவாரு."

அவருக்கு அந்த அதிகாரம் உண்டு. இருதயராஜ் இன்னொரு சோதனையாளர், இருபது வருடமாக அன்னம்மாவோடு ஒரே பஸ்ஸில் வருபவர். அந்த மனிதர் தலையைக் குனிந்தபடி, இழுப்பறையைத் திறந்து தன் முத்திரையை எடுத்தார். எடுத்தாரே! இன்றுவரை அவர் முகத்தில் விழிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

அன்னம்மா பாதுகாப்புக் காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தார். பம்ப் இருந்த மரப்பெட்டியின் மேல் ஏறி, முத்திரை குத்த வேண்டிய அட்டையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.