படிக்கட்டார் டிக்கெட் வாங்கிக் காட்டுக்குப் போன நாள்

கடலோரக் காட்டின் நுழைவாயிலில் அன்று காலை ஒரு வேடிக்கை நடந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் காட்டில் வேலை பார்க்கும் மனிதர், இஸ்திரி போட்ட சட்டையும் புதுச் செருப்புமாக, மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிக்கெட் வரிசையில் நின்றார். கூண்டுக்குள் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டாள்.

"என்னண்ணே, நீங்க போய் வரிசையில நிக்கிறீங்க? பக்கத்துக் கதவு தொறந்துதானே இருக்கு?"

"அது வேலை பார்க்கிறவங்க வழி. இன்னிக்கு நான் வேலைக்கு வரலம்மா. ரெண்டு டிக்கெட் குடு."

அந்த 'ரெண்டு டிக்கெட்'டை அவர் சொன்ன தோரணையில், பின்னால் நின்றவர்கள் யாரோ பெரிய இடத்து மனிதர் போலிருக்கிறது என்று ஓர் அடி விலகி நின்றார்கள்.

அங்கே அவரை எல்லோரும் படிக்கட்டார் என்றுதான் கூப்பிடுவார்கள். காட்டுக்குள் மனிதர்கள் நடக்கும் பாதையைப் போடுவதும், மழை அதைக் கரைத்துவிடாமல் காப்பதும் அவர் வேலை. அடக்கமான ஆள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இவருக்குத் தான் போட்ட படி ஒவ்வொன்றும் பொன். வேறு யார் போட்ட படியும் மனசுக்குப் பிடிக்காது. பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, சம்பந்தி வீடு என்று எங்கே போனாலும் முதலில் படியைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார். சம்பந்தி வீட்டில் இதனால் ஒரு மனத்தாங்கல்கூட வந்து தீர்ந்திருக்கிறது.

இளவயசில் கட்டட வேலையில் சாந்துச் சட்டி தூக்கிக்கொண்டிருந்தவர், பெயர்ப் பலகைகளைச் சுமக்கத்தான் இந்தக் காட்டுக்கு வந்தார். அப்போதெல்லாம் மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வழி வெறும் சேற்றுச் சறுக்கு. நின்றுகொண்டு புறப்பட்டவர்கள் உட்கார்ந்தபடிதான் போய்ச் சேர்ந்தார்கள். "இது பாதை இல்ல சார், ஓடை. தண்ணி எறங்குற எடத்துல மனுஷனை எறக்குறீங்க" என்று இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்ல, மேற்பார்வையாளர் கையில் இருந்த கடப்பாரையை நீட்டி, "அப்ப நீயே சரி பண்ணு" என்றார். தண்ணீருக்குத் தனி வழி வெட்டி, மனிதனுக்குத் தனி வழி போட்டு, கீழே ஓடையிலிருந்து கல்லைக் கயிற்றில் கட்டித் தடியில் கோத்து இரண்டு பேராகத் தோளில் சுமந்து கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஊன்றினார். அந்தக் கடப்பாரையை அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. போன மழைக்காலத்தில் ஒரு கல் புரண்டு அவர் விரலை நசுக்கிவிட்டது. விரல் கோணலாகவே கூடிக்கொண்டது. மனைவிக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. டவுனில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் இதுதான் சமயம் என்று பேச்சை எடுத்தார். குடோனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, மழை கிடையாது. "காட்டுல கல்லைத் தூக்கி என்னத்தக் கண்டீங்க மாப்ள? ஞாயித்துக்கெழமை சாயங்காலம் போன் பண்றேன். ஆமா, இல்லைன்னு ஒன்னு சொல்லிடுங்க" என்று கெடு வைத்துவிட்டுப் போனார்.

அந்த வீட்டில் படிக்கட்டார் வைத்ததுதான் சட்டம். ஆனால் மனைவி கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இத்தனை வருஷமா உங்க சேத்துச் சட்டையைத்தான் தொவைச்சிருக்கேன். அப்படி என்னதான் செஞ்சு வெச்சிருக்கீங்கன்னு ஒரு தடவை என் கண்ணால பார்க்கிறேன். பார்த்துட்டு அண்ணனுக்கு நானே பதில் சொல்லிக்கிறேன்."

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த இஸ்திரிச் சட்டை, இந்த இரண்டு டிக்கெட்.

அவளைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன், ஒரு மழை நாளில், அண்ணன் கடையிலிருந்து இறங்கும்போது விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்து, எலும்பு கூடி, டாக்டரும் நன்றாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டார். கால் சரியாகிவிட்டது, பயம் சரியாகவில்லை. எங்கே போனாலும் தரையைப் பார்த்தேதான் நடப்பாள். தெருவில் புது மாடி எழும்பினால் அவளுக்குத் தெரியாது. புதுக் குழி விழுந்தால் முதலில் தெரிவது அவளுக்குத்தான். ஆஸ்பத்திரியில் அண்ணன் கூடவே இருந்து நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். "ஆனைக்கும் அடி சறுக்கும்மா. பார்த்து நடக்கணும்" என்று ஆறுதலும் சொன்னார். "ஆமாண்ணே, நான்தான் பார்க்கல" என்று அவளும் ஒத்துக்கொண்டாள். படிக்கட்டார் மட்டும் அன்று ஏதோ சொல்ல வாயெடுத்து, மச்சான் முகத்தைப் பார்த்து, விழுங்கிவிட்டார்.

காட்டு வழி சதுப்புநிலத்தின் மேல் போட்ட பலகைப் பாலத்தில் தொடங்குகிறது. அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பலகை பலகையாகப் பார்த்துக் கால் வைத்தாள்.

"பலகை மேல கம்பி வலை அடிச்சிருக்கேன் பார்த்தியா? பாசி பிடிச்சாலும் வழுக்காது."

"ம்."

இந்த 'ம்' அவருக்குப் போதவில்லை. ஆணி ஒவ்வொன்றும் தலை தூக்காமல் எப்படி அடிக்கப்பட்டிருக்கிறது என்று ஆரம்பித்தார். அதற்குள் கீழே சேற்றில் ஒரு நண்டு, தன் உடம்பைவிடப் பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டி ஆட்டி யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் நின்று பார்த்தாள். "உங்க பெரியப்பா மாதிரியே இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். முழங்கையை விட்டுவிட்டாள். ஆணி விஷயம் அந்தரத்தில் நின்றது.

காட்டுக்குள் ஏறியதும் படிக்கட்டாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. பாதையோரத்து வடிகாலில் இலை அடைத்திருந்தது. குனிந்து ஒரு குச்சியால் இழுத்துப் போட்டார். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு கல் அசைகிறதா என்று குதிகாலால் உதைத்துப் பார்த்தார்.

"இன்னிக்கு லீவுன்னு அந்தப் பொண்ணுகிட்ட பெரிசா சொன்னீங்க?"

"லீவு எனக்குத்தான். தண்ணிக்கு ஏது லீவு?"

பேசிக்கொண்டே போனார்கள். உண்மையில் அவள்தான் பேசினாள். குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு தாவும் குரங்கைக் காட்டினாள், மரத்தை நெரித்துக்கொண்டு ஏறும் கொடியைக் காட்டினாள், மகள் போனில் சொன்னதைச் சொன்னாள். அவர் 'ம்' போட்டுக்கொண்டு வந்தார். தன் காட்டிலேயே தனக்கு 'ம்' வேலைதானா என்று மனசுக்குள் ஓர் எரிச்சல். இருக்கட்டும், கடல் இறக்கம் வரட்டும் என்று காத்திருந்தார்.

கடல் இறக்கம்தான் அவர் கைவேலையின் உச்சம். இரண்டு கோடைக்காலம் அதற்கே போயிற்று. செங்குத்தான சரிவில், ஒரு வேரைக்கூட வெட்டாமல், வேர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து மணல் வரை போகும் கல்படிகள். அதன் தலைமாட்டில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை நீட்டினார். "பார்த்து எறங்கு. இங்கதான்..."

அவள் கையைக் கவனிக்கவே இல்லை. மரங்களுக்கு இடையில் நீலமாக ஏதோ தெரிந்துவிட்டது. "ஐயோ, கடல்!" என்றவள், மகள் சின்ன வயசில் அலையைப் பார்த்து அழுத கதையைச் சொல்லிக்கொண்டே முன்னால் இறங்கிப் போய்விட்டாள். அவர் நீட்டிய கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பின்னால் போனார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

கடற்கரையில் நிழல் பார்த்து உட்கார்ந்தார்கள். அவள் ரொட்டியையும் அவித்த முட்டையையும் எடுத்து வைத்தாள். அவர் பசிக்கவில்லை என்று தன் பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். ஒரு குரங்கு வந்து, கோபத்தில் இருக்கும் மனிதனிடம் கேட்க வேண்டியதில்லை என்று முடிவு செய்து, பொட்டலத்தோடு மரமேறிவிட்டது.

"மூஞ்சி ஏங்க இப்படி இருக்கு?"

"ஒன்னுமில்ல. மச்சான்கிட்ட சரின்னு சொல்லிடு."

"நான் இன்னும் ஒன்னுமே சொல்லலையே."

"அதைத்தான் சொல்றேன். நீ ஒன்னுமே சொல்லல. அவ்வளவு படி எறங்கி வந்தியே, ஒரு படியைப் பத்தியாவது ஒரு வார்த்தை சொன்னியா?"

"எந்தப் படி?" என்றாள் அவள்.

படிக்கட்டார் முகத்தில் ஈயாடவில்லை. கோணல் விரலால் அவளுக்குப் பின்னால் சுட்டிக்காட்டினார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கீழிருந்து பார்க்க அந்தச் சரிவு சுவர் மாதிரி நின்றது. வேர்களுக்கு நடுவே படிகள் தெரிந்தும் மறைந்தும், தலையை அண்ணாந்தால்தான் முடியும் இடம் தெரிகிற உயரம் வரை போயின. மேலே யாரோ இரண்டு பேர் கையை வீசிக்கொண்டு, ஏதோ வாக்குவாதம் செய்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"இதுலயா நான் எறங்கி வந்தேன்?"

"பின்ன பறந்தா வந்த?"

அவள் சிரிக்கவில்லை. முட்டையைக் கீழே வைத்துவிட்டு, தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "என்னங்க... நான் கீழ பார்க்கவே இல்லை."

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் அது உறைத்தது. வீட்டு வாசற்படியைக்கூட மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்து இறங்குகிறவள் அவள்.

"எப்படி?" என்று கேட்டாள்.

அவருக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. கேட்க ஆள் கிடைத்துவிட்டதே! "கால் இருக்கே, புது எடத்துல மொதல் நாலஞ்சு படிக்குக் கண்ணைக் கேக்கும். எல்லாம் ஒரே ஒசரம்னு தெரிஞ்சுட்டா அப்புறம் கேக்காது. கண்ணு அதுபாட்டுக்கு வேடிக்கை பார்க்கும். அதுக்குத்தான் ஒவ்வொரு கல்லா அளந்து ஊனுறது. நடுவுல ஒரே ஒரு படி ஏமாத்திடுச்சுன்னு வை, ஆயுசுக்கும் கால் கண்ணைக் கேட்டுக்கிட்டே..."

நிறுத்திக்கொண்டார். ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதான்.

அவள் அவரையே பார்த்தாள். "அண்ணன் கடைப் படி எப்படிங்க?"

அவர் மணலில் கோடு கிழித்தார்.

"சொல்லுங்க."

"கடைசிப் படி மத்ததை விட ஒரு விரல் ஆழம். மேல வழவழன்னு டைல்ஸ் வேற. அன்னிக்கே பார்த்தேன்."

"அன்னிக்கேவா?"

"உங்க அண்ணன் ராப்பகலா ஆஸ்பத்திரியில நின்னார். அவர் மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே! மூணு வருஷமா நான் என்னையே திட்டிக்கிட்டுத் திரியறேனே. கண்ணு தெரியாதவ, கவனம் இல்லாதவன்னு!" அவளுக்குக் கோபம் வந்தது. வர வேண்டிய கோபம்தான். படிக்கட்டார் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான்" என்றார்.

அப்புறம் அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். மிச்சமிருந்த தன் ரொட்டியை அவர் கையில் திணித்தாள்.

"எந்திரிங்க. ஏறும்போது நான் கீழ பார்த்துக்கிட்டு வர்றேன். நீங்க மேல பார்த்துக்கிட்டு வாங்க. குனிஞ்சீங்க, தெரியும் சேதி."

அப்படியே ஏறினார்கள். அவள் ஒவ்வொரு கல்லையும் பார்த்தாள். சொரசொரப்பான முகம் மேலே வரும்படி வைத்திருப்பதையும், தண்ணீர் தேங்காமல் ஓரமாக வழிய ஒரு துளி சாய்வு விட்டிருப்பதையும் தானே கண்டுபிடித்தாள். ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து கல்லை உள்ளங்கையால் தடவினாள். "எவ்வளவு அழகா வெச்சிருக்கீங்க" என்றாள். அவர் இருபது வருஷமாகக் காதில் கேட்க ஆசைப்பட்ட சொல் அது.

ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் காதில் அது பாதிதான் விழுந்தது. பாறையோடு ஒரு மாசம் மல்லுக்கட்டிய அந்தத் திருப்பத்தில், அவர் முதல்முறையாகத் தலையைத் தூக்கி நின்றிருந்தார். எதிரே கிளைகள் விலகி, ஒரு மரத்துக்கு இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. பெரிய அலகுள்ள பறவை ஒன்று குறுக்கே போனது. வழியில் போகிறவர்கள் எல்லோரும் ஏன் அந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று இத்தனை காலம் அவருக்குப் புரிந்ததில்லை. மூச்சு வாங்க நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தார். இதைப் பார்க்கத்தானா நான் ஊருக்கெல்லாம் வழி போட்டேன் என்று நெஞ்சு நிறைந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. பெருமையில் வந்த நீர்தான், துடைத்துக்கொள்ளவில்லை.

"இனிமே கையுறை போட்டுக்கிட்டுத்தான் கல்லைத் தொடணும்" என்றாள் அவள் கீழிருந்து. "அது ஒன்னுதான் என் பேச்சு." அது கையெழுத்து என்று அவருக்குப் புரிந்தது.

நுழைவாயிலுக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, மாப்ள என்ன சொல்றார்?"

"அவர் வரல அண்ணே."

"ஏம்மா? அப்படி அந்தக் காட்டுல என்னத்தத்தான் கண்டார்?"

"அவர் காணல, நான் கண்டேன். கடலைக் கண்டேன், நண்டைக் கண்டேன், குரங்கைக் கண்டேன். மலை மாதிரி சரிவு, கையை வீசிக்கிட்டு எறங்கினேன். உங்க மாப்ள போட்ட படி." அவள் போனை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "அண்ணே, ஆனைக்கும் அடி சறுக்கும்னு அன்னிக்குச் சொன்னீங்களே. ஆனை மேல தப்பில்ல. உங்க கடைசிப் படி ஒரு விரல் ஆழம். அடுத்த லீவுக்கு இவரைக் கூட்டிக்கிட்டு வர்றேன். இடிச்சுட்டுப் புதுசாப் போடணும்."

படிக்கட்டார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மச்சான் குரல் வந்தது, ரொம்பத் தணிந்து.

"மாப்ள பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார்."

"என்ன கல்லு வேணும்னு கேட்டுச் சொல்லும்மா."

படிக்கட்டார் போன் பக்கம் குனிந்தார். "எதுவா இருந்தாலும் சரி மச்சான். டைல்ஸ் மட்டும் வேண்டாம்."

மச்சான் சிரித்துவிட்டார். பஸ் வந்து நின்றது. அவள் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் படியை நன்றாகக் குனிந்து பார்த்துத்தான் ஏறினாள். அது அவர் போட்ட படி இல்லையே.